ஒத்துவரல பாய் பார்த்த மாப்பிள்ளைகள்

காவிரிக்கு அக்கரையிலும் இக்கரையிலும் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரும் பொய்யர்கள் என்று நம்பிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் நம்பியது முக்கால்வாசி நேரம் சரியாகவே இருந்ததுதான் எனக்கு அதிர்ச்சி.

அரியமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் கார் ஒர்க்‌ஷாப்புக்கு மோதிய வண்டி வந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் அதைப் பார்வையிட வருகிற சர்வேயர் அவர். அடி எப்படிப் பட்டது என்று வண்டிக்காரர் ஒரு கதை சொல்வார். பாய் பொறுமையாகக் கேட்பார். பிறகு குனிந்து, நசுங்கின இடத்தை டார்ச் அடித்துப் பார்ப்பார், விரலால் தடவுவார், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பார். சொன்ன கதையும் பட்ட அடியும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் தொழில் விதி. எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். "ஒத்துவரல." அவருடைய விசிட்டிங் கார்டில் வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கே அவர் ஒத்துவரல பாய்தான்.

ஒருநாள் வெள்ளைவேட்டிப் பெரிய மனிதர் ஒருவர், முன்பக்கம் காணாமல் போன காரோடு வந்தார்.

"என்ன ஸ்பீடுல வந்தீங்க?" என்றார் பாய்.

"நாப்பதுதான் பாய்."

"அப்புறம்?"

"மாடு குறுக்க வந்துடுச்சு."

"மாட்டுக்கு என்ன ஆச்சு?"

"அது... அது பாட்டுக்குப் போயிடுச்சு."

"பம்பர் போச்சு, ரேடியேட்டர் போச்சு, பானட் மடிஞ்சு போச்சு, மாடு மட்டும் நடந்து போயிடுச்சு. பம்பர்ல சிமென்ட் ஒட்டியிருக்கே, சிமென்ட்ல செஞ்ச மாடா?"

பெரிய மனிதர் ஏசியைக் கூட்டி வைக்கச் சொன்னார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஏசியே கிடையாது.

பாயின் அக்கா மகள் நஸ்ரின் எனக்கு அடுத்த சீட். இன்சூரன்ஸ் பேப்பர் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. சொந்தக்காரப் பெண் வேலை பார்க்கும் இடம் என்பதால், பாய் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பாலக்கரையில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குருமாவைத் தொட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, எங்கள் வாசலில் நுழைந்ததும் அவளை "மேடம்" என்று கூப்பிடுவார். அவளும் "சொல்லுங்க சார்" என்பாள். முதல் ஆறு மாதம் இவர்கள் இருவரும் உறவு என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நவராத்திரிக்கு நஸ்ரினைச் சுண்டலுக்கு அழைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பாய்தான் அவளைக் கொண்டுவந்து விட்டார். வந்தவர் சும்மா போகாமல் என் கணவரின் ஸ்கூட்டரைப் பார்த்தார். பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. கோயிலுக்குப் போனபோது ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுத்தியிருந்த வண்டியை எவனோ உரசிவிட்டுப் போய்விட்டான் என்று கணவர் என்னிடம் வருத்தப்பட்டிருந்தார்.

"நின்ன வண்டில பட்ட அடி இல்லையே சார்" என்றார் பாய். "வண்டி ஓடியிருக்கு. செவுத்துல தேச்சிருக்கு. செவுரு ரோஸ் கலர்."

எங்கள் பக்கத்தில் ரோஸ் கலர் சுவர் ஒன்றுதான். அது மிட்டாய்க் கடையின் பக்கவாட்டுச் சந்து. என் கணவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கம். அன்றிலிருந்து பாய் வருகிறார் என்றால் அவர் மாடிக்குப் போய்விடுவார். "அந்த மனுஷர் கெளம்பியாச்சா?" என்று மேலேயிருந்து குரல் மட்டும் வரும்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு கல்யாண ஆப் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

நஸ்ரினுக்கு அப்பா இல்லை. ஏற்கெனவே ஒரு நிச்சயம் நின்றுபோயிருந்தது. பத்திரிகை அடித்த பிறகு, வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். இவள் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு ஊரில் விசாரிக்கிறவர்கள் எல்லாம் "அந்தப் பொண்ணா?" என்று குரலைத் தாழ்த்த ஆரம்பித்தார்கள். அவளுடைய பெரியத்தா, அதாவது அப்பாவுக்கு அண்ணன், தமக்குத் தெரிந்த பாத்திரக்கடை, கோரைப்பாய்க் கடை மாப்பிள்ளைகளாக அனுப்பிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் முதல் கேள்வியாக வேலையை விடுவாளா என்று கேட்டார்கள்.

ஒருநாள் டீ நேரத்தில் என் பக்கம் நாற்காலியை நகர்த்தினாள்.

"அக்கா, நான் ஒரு ஆப்ல சேந்திருக்கேன். எங்க ஆளுங்களுக்குன்னே இருக்கு."

"என்ன ஆப்? டேட்டிங்கா?" நான் போட்ட சத்தத்தில் காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார்.

"கத்தாதீங்கக்கா. பேசிப் பாத்துக்கறது. நிக்காஹுக்குத்தான்."

போனைக் காட்டினாள். வரிசையாக ஆண்பிள்ளைகள். எத்தனை வேளை தொழுவாய், நிக்காஹ் எப்போது வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வேலைக்குப் போகலாமா, தனிக்குடித்தனமா கூட்டுக்குடும்பமா, குழந்தை எத்தனை என்று ஒவ்வொருவனும் கேள்விக்குக் கேள்வி பதில் எழுதி வைத்திருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் கணவரைப் பற்றி அதில் பாதிக்கு எனக்கு விடை தெரியாது. நஸ்ரினின் படம் மட்டும் பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல மங்கலாக இருந்தது.

"மூஞ்சியே தெரியலையேடி?"

"நான் தெறந்து காட்டினாத்தான் அவங்களுக்குத் தெரியும். அப்புறம் இன்னொண்ணு இருக்குக்கா. தனியாப் பேசக் கூடாதுல்ல, அதனால பொறுப்பாளர்னு ஒருத்தர சேத்துக்கலாம். நாங்க பேசறது பூரா அவரு போனுக்கும் போகும். அவரு சும்மா படிச்சாப் போதும்."

"யாரச் சேத்திருக்க?"

"மாமூவ."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். சும்மா படிப்பதா? வாழ்நாளில் ஒரு நசுங்கலைக்கூடச் சும்மா பார்த்துவிட்டுப் போகாத மனிதர்!

முதல் பையன் சென்னை ஐ.டி. கம்பெனி. சலாம் சொல்லிவிட்டு, சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டிருக்கிறான். நஸ்ரின் பதில் அடிப்பதற்குள் இடையில் புகுந்தார் பாய். "நான் மாமா. தங்கள் படம் எப்போது எடுத்தது?" போன மாதம் என்றான் பையன். "படத்தில் தங்களுக்குப் பின்னால் ஷோரூம் வாசலில் புது வண்டியாக நிற்கும் காரின் உற்பத்தியைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷமாகிறது. படத்தில் இருப்பது தாங்கள்தானா, தங்கள் தம்பியா?" பையன் போன இடம் தெரியவில்லை.

அடுத்தவன் துபாய். சிவப்புக் கார் ஒன்றின்மீது சாய்ந்து நிற்கிற படம் போட்டிருந்தான். "தம்பி, தங்கள் உயரத்துக்கு டிரைவர் சீட் இத்தனை முன்னால் இருந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். வண்டி யாருடையது?" என்று கேட்டார் பாய். அவன் கோபமாக ஒரு பொம்மை முகத்தை அனுப்பினான். அது என்னவென்று பாய் என்னிடம் கேட்டார். சிரிக்கிறான் என்று சொல்லி வைத்தேன்.

மூன்றாவது பையன், ஐந்து வேளையும் பள்ளிவாசலில் ஜமாத்தோடுதான் தொழுவேன் என்று எழுதியிருந்தான். நஸ்ரினின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாஷா அல்லாஹ். உங்கள் மஹல்லாவில் ஃபஜ்ர் ஜமாத் இப்போது எத்தனை மணிக்கு?" வெகுநேரம் கழித்து ஏழு மணி என்று பதில் வந்தது. விடியற்காலைத் தொழுகையை விடிந்த பிறகு தொழுகிற பள்ளிவாசல் எந்த ஊரில் இருக்கிறது என்று நஸ்ரினே சிரித்துவிட்டாள். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகம் விழுந்துவிட்டதை நான் பார்த்தேன்.

நான்காவது பையன் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. உள்ளூராக இருந்தது அவன் கெட்ட நேரம். பாய் நேரிலேயே போய்விட்டார். மூட்டை இறக்குகிறவர்களிடம் டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தால், அப்படி ஒரு முதலாளியை அவர்கள் பத்து மணிக்கு முன்னால் பார்த்ததே இல்லையாம்.

"நல்ல குடும்பம்தானே பாய்?" என்று கேட்டேன்.

"குடும்பம் நல்ல குடும்பம்தாம்மா. பையன்கிட்ட இன்னிக்கு வெங்காயம் என்ன வெலைன்னு கேட்டேன். போன எடுத்துப் பாக்குறான். ஒத்துவரல."

இதெல்லாம் ஒன்றுமேயில்லை. ஒரு திங்கட்கிழமை நஸ்ரின் மூக்கு சிவக்க வந்து, போனை என் மேஜைமேல் போட்டாள். "படிங்கக்கா." முந்தின நாள் போனை மாமூவிடம் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டுத் தொழப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் அவர் அவளைப் பற்றிய அறிமுகத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார். நான் படித்தேன்.

"வலது முழங்காலில் பழைய அடி, ஸ்கூட்டியிலிருந்து விழுந்தது. மழைக்காலத்தில் வலி சொல்வாள். காலையில் டீ குடிக்கும் முன் பேச்சுக் கொடுப்பது உசிதமல்ல. பிரியாணி வராது, தால்சா நன்றாக வைப்பாள். கோபம் வரும், நிற்காது. ஒருமுறை நிச்சயமாகி நின்றது. காரணம், வேலையை விடச் சொன்னார்கள், விடவில்லை. இனியும் விடமாட்டாள். மற்றபடி பழுதில்லை."

ஒரு பெண்ணைப் பற்றி யாராவது இப்படி எழுதுவார்களா? சொந்த மாமாவே! அன்று பாய் வந்ததும் கேட்டே விட்டேன்.

"என்ன பாய் இது? கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு எழுதச் சொன்னா, கண்டம் பண்ண வண்டிக்கு எழுதற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க?"

"எழுதாம விட்டா மட்டும் எவனுக்கும் தெரியாதாம்மா?" என்றார். "நிச்சயம் நின்னத ஊரே பேசுது. காதோட காதா பேசுறத நாமளே சத்தமா சொல்லிட்டா, பின்னாடி ஒருத்தனும் அதக் கண்டுபுடிச்ச மாதிரி வந்து நிக்க முடியாது பாருங்க."

சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டார். நியாயம்போல இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நஸ்ரின் அதை அழிக்கவில்லை. அழிக்க உட்கார்ந்தவள், ஒருமுறை படித்துவிட்டு, "எல்லாம் உண்மைதானேக்கா" என்று விட்டுவிட்டாள்.

பிறகு பல வாரம் அந்தப் போன் வாயைத் திறக்கவில்லை. ஒருவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவள் போனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கப் பழகியிருந்தாள். ஒருநாள் அது முனகியது. இர்ஃபான் என்று ஒருவர். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர், மருங்காபுரிப் பக்கம் மாட்டு டாக்டர். அவர் சலாம்கூட அப்புறம்தான் சொன்னார். முதலில் எழுதியது இதுதான்.

"என் தரப்பு: இடது காது சரியாகக் கேட்காது, மாடு உதைத்தது. எத்தனை குளித்தாலும் சாணி வாடை போகாது. பிரியாணி எனக்கு வரும். எனக்கு ஒருமுறை நிக்காஹ் ஆகிப் பிரிந்துவிட்டோம். உங்கள் வேலையைப் பற்றி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?"

நஸ்ரின் இதை எனக்குப் படித்துக் காட்டும்போது குரல் மாறியது. முழங்காலைப் பற்றிக் கேட்ட முதல் மாப்பிள்ளை அவர்தான்.

அவர்கள் பேசினார்கள். மாதக்கணக்கில் பேசினார்கள், எல்லாம் பாயின் போனுக்கும் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு எப்படி வருவேன் என்று அவள் கேட்டால், இரண்டு பேருக்கும் பாதி வழியாக மணப்பாறையில் வீடு பார்க்கலாமா என்று அவர் கேட்டார். அவள் படத்தைத் திறந்து காட்டினாள். பாய் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நினைத்ததுபோலவே ஒருநாள், "நேர்ல பாக்கணும்மா" என்று கிளம்பினார்.

"அக்கா, நீங்களும் கூடப் போங்க" என்று நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமூ அவரு பல்லப் புடிச்சுப் பாத்துடாம பாத்துக்கங்க. எனக்கு இவரப் புடிச்சிருக்குக்கா."

பாயின் காரில் போனோம். பாய் ஓட்டுகிற வண்டி நிஜமாகவே நாற்பதில்தான் போகும். டவுன் பஸ் தாண்டியது, தண்ணி லாரி தாண்டியது, தலையில் குடத்தோடு டிவிஎஸ்ஸில் போன ஒரு அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டினார்.

போய்ச் சேர்ந்தபோது இர்ஃபானின் ஒரு கை தோள் வரைக்கும் ஒரு பசுவுக்குள் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்படிப் பெண் வீட்டாரை வரவேற்ற மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் பாய்.

"வ அலைக்கும் சலாம் மாமா. கை குடுக்க முடியல, மன்னிச்சுக்கங்க. வாங்கம்மா, நிழல்ல உக்காருங்க. கன்னு திரும்பியிருக்கு, இப்ப வந்துடும்."

பாய் உட்காரவில்லை. நேரே மரத்தடியில் நின்ற இர்ஃபானின் காரிடம் போனார். முன்பக்கம் இடதுபுறம் நன்றாக உள்வாங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் பாயின் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கன்று பிறந்து, கை கழுவி, இர்ஃபான் வரும்வரை டார்ச்சோடு காத்திருந்தார்.

"என்ன ஸ்பீடு தம்பி?"

"எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும்ங்க."

பாயின் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது. "எவ்வளவு?"

"எழுபதுக்கு மேலதான். மீட்டர பாக்கல."

"மாடு குறுக்க வந்துச்சோ?" கேட்டபோது பாயின் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"இல்லங்க, மாடெல்லாம் ஓரமாத்தான் நின்னுச்சு. நான்தான் போன்ல பேசிக்கிட்டே வந்து புளியமரத்துல விட்டேன். முழுக்க என் தப்பு."

பாய் குனிந்தார். தடவினார், முகர்ந்தார். பம்பர் இடுக்கிலிருந்து ஒரு சின்ன மரப்பட்டைத் துணுக்கை எடுத்து வெயிலில் காட்டினார். புளியம்பட்டைதான். அவர் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"ஏம்மா, இவன் எதையோ பெருசா மறைக்கிறான்."

"எத வச்சுச் சொல்றீங்க பாய்?"

"இல்லேன்னா எதுக்கு இவ்வளவு உண்மை பேசுறான்?"

டீ வந்தது. பாய் முதல் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல், யார் மேல் தப்பு என்று கேட்டார். எனக்கு டீ நாக்கைச் சுட்டுவிட்டது.

"அவங்க மேல ஒண்ணும் இல்லங்க" என்றார் இர்ஃபான். "அவங்களுக்கு டவுன்ல இருக்கணும். எனக்கு மாடு இருக்கிற எடத்துல இருக்கணும். அத ரெண்டு பேருமே முன்னாடி கேட்டுக்கல. பெரியவங்க பேசி முடிச்சாங்க, நாங்க தலையாட்டினோம். அவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பாங்களாம்."

திரும்பி வரும்போது வண்டி முப்பதில் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கெல்லாம் பெரிய அதிர்ச்சி. ஒன்றுமே நடக்கவில்லை. பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நஸ்ரினின் அம்மா, "என் தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். பெரியத்தாவோ, ஏற்கெனவே நிக்காஹ் ஆனவனா என்று குதித்து, ஒரு பாத்திரக்கடை மாப்பிள்ளையை வெள்ளிக்கிழமை பெண் பார்க்க அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டார். பாய் வாயைத் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு இர்ஃபான் கதை முடிந்தது. நஸ்ரின் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருப்பாள், திரையில் ஒன்றும் இருக்காது. எனக்குப் பாய்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனிதருக்குச் சந்தேகப்படுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதா என்று வீட்டில் என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் மாடிப் படியைப் பார்த்தார்.

புதன்கிழமை பாய் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். லிஃப்டில் ஏற்றியிருந்த வண்டிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். நஸ்ரின் எழுந்து நேரே அங்கே போனாள்.

"மாமூ."

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அந்த வார்த்தை அந்தக் கூரைக்குக் கீழே அதுவரை கேட்டதில்லை.

"சொல்லுங்க மேடம்."

"மேடம் இல்ல மாமூ. நாளன்னிக்குப் பெரியத்தா ஆளக் கூட்டிட்டு வராரு. அம்மா உங்க வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அவரு ஒரு பொய்யாவது சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

பாய் டார்ச்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். "போன தடவ மாப்பிள்ளையப் பாத்தது யாரு?"

நஸ்ரின் லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான். வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாம் போயிப் பாத்தேன். தங்கமான பையன்னு உங்கம்மாகிட்ட வந்து சொன்னது நான்தான். நீ வேலைக்குப் போகலாம்னான். என் சர்வீஸ்ல ஒருத்தன் சொன்னத அப்படியே நம்பினது அந்த ஒரு தடவதான். நீ பத்திரிகைக் கட்டத் தூக்கி பரண்ல போட்டப்ப ஸ்டூலப் புடிச்சுக்கிட்டு நின்னேனே, மறந்துட்டியா? மறுபடியும் என் வாயால நல்ல பையன்னு சொல்ல வர மாட்டேங்குதும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துபாய்க்காரனை, மண்டிக்காரனை, எல்லோரையும் அத்தனை கேள்வி கேட்டதெல்லாம் நிச்சயம் நின்ற அந்த ஒருவனாலா? அவரைச் சந்தேகப் பிசாசு என்று முந்தின நாள்தான் நான் திட்டியிருந்தேன்.

நஸ்ரின் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள யாரு நல்ல பையன்னு சொல்லச் சொன்னது? அத நான் பாத்துக்கிட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு. 'நஸ்ரினுக்குப் புடிச்சிருக்கு'ன்னு போயிச் சொல்லுங்க, அது போதும். அது உண்மைதானே மாமூ? உண்மையச் சொல்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனார். அவர் சர்வேயைப் பாதியில் விட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அன்று மாலை பெரியத்தா வீட்டில் நடந்ததை நஸ்ரினின் அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"ஏற்கெனவே நிக்காஹ் ஆனவனப்பா!" என்றாராம் பெரியத்தா.

"ஆமாங்க மச்சான். நஸ்ரினுக்குப் புடிச்சிருக்கு."

"மாட்டு டாக்டராமே?"

"ஆமா. நஸ்ரினுக்குப் புடிச்சிருக்கு."

"காது வேற கேக்காதாம்!"

"ஒரு காதுதான் கேக்காது. நஸ்ரினுக்குப் புடிச்சிருக்கு."

பெரியத்தா தண்ணீர் குடித்தார், விசிறிக்கொண்டார், தொழுதுவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார். பாய் அதே வாக்கியத்தோடு அதே நாற்காலியில் இருந்தார். இரவுத் தொழுகையான இஷாவுக்கு முன்னால், வர வேண்டாம் என்று பெரியத்தா பாத்திரக்கடைக்குப் போன் போட்டுவிட்டார்.

நிக்காஹ் பாலக்கரையில் ஒரு மண்டபத்தில். பெரியத்தாதான் பெண்ணின் வலீ, அவளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளர். பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டுவருகிறவருக்கு அங்கே வக்கீல் என்று பெயர். அது மாமூவாகத்தான் இருக்க வேண்டும் என்று நஸ்ரின் சொல்லிவிட்டாள். பெண்கள் பக்கம் அவளுக்கு அருகில் நான் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். பாய் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்தார். புதுச் சட்டை, தலையில் தொப்பி. இன்னாருடைய மகன் இர்ஃபானுக்கு, பேசிய மஹர்ப் பணத்துக்கு, உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா என்று முறைப்படி கேட்டார். நஸ்ரின் "சம்மதம்" என்றாள். சாட்சிகள் தலையசைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

பாய் நகரவில்லை.

"யாரும் உன்ன வற்புறுத்தலையே?"

"இல்ல மாமூ."

"எனக்காக, அம்மாவுக்காகன்னு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாமூ."

சாட்சிகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். வெளியே நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் காத்திருந்தார். பாய் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பின்னாடி எப்பவாவது புடிக்கலன்னா..."

பெண்கள் பக்கமே அதிர்ந்தது. நிக்காஹ் நேரத்தில் பேசுகிற பேச்சா! நஸ்ரினின் அம்மா "தம்பி!" என்று பதறிப்போய் எழுந்தார். பாய் யாரையும் பார்க்கவில்லை.

"புடிக்கலன்னா ஒரு போன் பண்ணு. ஏன், எதுக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டேன். வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடுவேன்."

நஸ்ரின் மருதாணிக் கையால் அவர் தொப்பியைச் சரிசெய்தாள். "சரி மாமூ. இப்ப எந்திரிச்சுப் போங்க. சம்மதம்னு சொல்லிட்டாள்னு போயிச் சொல்லுங்க. அவரு காத்துக்கிட்டிருப்பாரு."

அவர் எழுந்து போனார். அங்கே இருந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் கல்யாணத்தில் ஸ்ரீரங்கமே வந்து அட்சதை போட்டது. எத்தனையோ வாழ்த்து. இந்த ஒன்றை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலேஜ் போகிற என் மகளைக் கூப்பிட்டு, பாயின் நம்பரைச் சொல்லி, போனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். ஏற்றிவிட்டு, "பேர் என்னன்னு போடறதும்மா?" என்று கேட்டாள்.

"மாமான்னு போட்டுக்கோ" என்றேன்.